அடுப்படியில் உட்கார்ந்து கேளுங்கள்

இட்லி மாவு விற்கத் தொடங்கிய புதிதில், "மாவு பிடித்திருக்கிறதா?" என்று எல்லோரிடமும் கேட்பேன். "நன்றாக இருக்கிறது" என்பார்கள். மறுவாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். கேள்வியே தவறு. முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்?

பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தொடங்கித் தீர்வு தேடும் முறைக்கு வடிவமைப்புச் சிந்தனை (design thinking) என்று பெயர். அதில் பரிவுதான், அதாவது அவர் இடத்தில் இருந்து பார்ப்பதுதான், முதல் படி. சிக்கலை வரையறுப்பது, யோசிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே ஐந்தாறு வீடுகளுக்குப் போங்கள். கடை வாசலில் நிற்கவைத்துக் கேட்காதீர்கள். "கடைசியாக மாவு வாங்கிய அன்று நடந்ததைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பியுங்கள். "இப்படிச் செய்தால் வாங்குவீர்களா?" என்பது வேண்டவே வேண்டாம். பதில் முடிந்ததும் சற்று மௌனமாக இருங்கள். மனதில் இருப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வெளியே வரும்.

கையையும் கவனியுங்கள். ஓர் அம்மா பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தார். மாவு மேடையில் வழிந்தது. துடைத்துவிட்டு, பாக்கெட்டுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒட்டியிருந்ததையும் பாத்திரத்தில் ஊற்றினார். தோசை நீர்த்துப்போயிற்று. "எனக்குத்தான் பக்குவம் வரவில்லை" என்றார். எனக்கு மனம் கனத்துப்போயிற்று.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே அன்றிரவு எழுதினேன். என் ஊகங்களைத் தனிப் பக்கத்தில். ருசியைக் கூட்ட நினைத்திருந்தவன், "கடைசிக் கரண்டி மாவும் சிந்தாமல் வரவேண்டும்" என்று தேவையைத் திருத்தினேன். அகன்ற வாய் டப்பாவில் பத்து வீடுகளுக்கு மட்டும் கொடுத்தேன். இரண்டு வீடுகளில் அது ஃப்ரிட்ஜ் தட்டில் நுழையவில்லை. அடுத்த மாதிரியின் உயரத்தைக் குறைத்தேன்.