செயற்கை நறுமணப் பொருள்: தோலுக்கு ஆகுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

லேபிளில் ‘பர்ஃப்யூம்’ என்று ஒரே சொல்தான் இருக்கும். அதற்குள் ஐம்பது பொருட்கள் கலந்திருக்கலாம், நூறுகூட இருக்கலாம். அவற்றின் பெயரை மட்டும் பார்த்து ஆகும், ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாளில் தோலில் எவ்வளவு படுகிறது, எங்கே படுகிறது, கழுவப்படுகிறதா என்பது தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் லோஷனோ சோப்போ தயாரிப்பவரானால், முதலில் காகிதங்களைச் சேருங்கள். நறுமணக் கலவை விற்பவரிடம் இஃப்ரா (நறுமணத் துறையின் பன்னாட்டுச் சங்கம்) விதிப்படி தரும் சான்றிதழ், ஒவ்வாமைப் பொருட்களின் சதவீதப் பட்டியல், பாதுகாப்புத் தரவுத்தாள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பொருட்களைச் சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய தனி அடையாள எண்ணை, வைத்தே தேடுங்கள். ஒரே பொருளுக்குப் பல பெயர் உண்டு. லிலியல் என்பதும் பியூட்டைல்ஃபீனைல் மீத்தைல்புரோபியோனால் என்பதும் ஒன்றுதான், எண் 80-54-6. இனப்பெருக்க நச்சு காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் இதைத் தடை செய்துவிட்டது. பழைய கலவைகளில் இது வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம்.

இஃப்ரா சான்றிதழில் 12 வகைகள் இருக்கும். உதட்டுப் பூச்சு 1, அக்குள் டியோடரன்ட் 2, உடல் லோஷன் 5ஏ, கழுவிவிடும் சோப்பும் ஷாம்பூவும் 9. உங்கள் தயாரிப்பு எந்த வகையோ அந்த வரியை மட்டும் பாருங்கள். 9-க்கு உரிய சதவீதத்தை லோஷனுக்கு எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சான்றிதழ் சொல்வது அந்தக் கலவையை அதிகபட்சம் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை மட்டுமே. உங்கள் லோஷன் பாதுகாப்பானது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

இனி கணக்கு. லோஷனில் நறுமணக் கலவை 0.8% என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கலவையில் நாம் பார்க்கும் பொருள் 2.5%. ஆக, லோஷனில் அது 0.02%. நுகர்வோர் பாதுகாப்புக்கான ஐரோப்பிய அறிவியல் குழுவின் வழிகாட்டலில் உடல் லோஷன் நாளொன்றுக்கு 7.82 கிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 123.2 மில்லிகிராம். படும் பொருள் முழுவதையும் தோல் உறிஞ்சிக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 123.2-ஐ 0.0002-ஆல் (அதாவது 0.02%) பெருக்கினால் கிலோவுக்கு 0.0246 மி.கி. விலங்கு ஆய்வில் தீங்கு தென்படாத அளவு கிலோவுக்கு 50 மி.கி. என்றால், அதை 0.0246-ஆல் வகுத்தால் வருவது சுமார் 2,030. இதுதான் பாதுகாப்பு இடைவெளி, குறைந்தது 100 வேண்டும். ஆனால் அந்த 50 எப்படி வந்தது என்று பாருங்கள். 90 நாளுக்குப் பதில் 28 நாள் ஆய்வு என்றால் மூன்றால் வகுக்க வேண்டும். வாய்வழி கொடுத்த ஆய்வாக இருந்து, உறிஞ்சிய அளவு தெரியாவிட்டால் பாதியாக்க வேண்டும். 2,030 இப்போது சுமார் 338 ஆகிறது. இன்னும் தேறுகிறது, ஆனால் முதலில் தெரிந்த நிம்மதி இல்லை. அதே பொருள் ஷாம்பூவிலும் டியோடரன்டிலும் இருந்தால் அவற்றையும் கூட்டித்தான் வகுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு உடலுக்குள் போகும் நச்சுக்கானது. தோல் ஒவ்வாமைக்கு இது பயன்படாது. அங்கே உடல் எடைக்கு வேலையில்லை, ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு படுகிறது என்பதே கேள்வி. விரல் நுனி அளவு இடத்தில் குவிந்த சிறு துளி, உடலெங்கும் பரவிய பெரிய அளவைவிட மோசம். அக்குளில் வியர்வை, மூடிய தோல், சவரத்தின் நுண்ணிய காயம் எல்லாம் சேர்வதால் பாதுகாப்புக் காரணியை (வரம்பைக் குறைக்க வகுக்கும் எண்ணை) கூட்டுகிறார்கள். ஒரே பொருளுக்கு அங்கே வரம்பு இறுகுவது அதனால்தான்.

ஐரோப்பாவில் விற்பதானால் கழுவாத பொருளில் 0.001%, கழுவும் பொருளில் 0.01% தாண்டிய ஒவ்வாமைப் பொருளின் பெயர் லேபிளில் வர வேண்டும். 26 ஆக இருந்த பட்டியல் 2023 திருத்தத்தில் 80-ஐத் தாண்டிவிட்டது. புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2026 ஜூலை 31 முதல் கட்டாயம். தாவர எண்ணெய் சேர்க்கிறீர்களா? லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினாலூல் என்ற ஒவ்வாமைப் பொருளையும் கலவையில் உள்ள லினாலூலையும் கூட்டுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

லினாலூலும், ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை தரும் லிமோனீனும் புதிதாக இருக்கையில் பெரிய தொல்லை இல்லை. காற்றுப்பட்டு உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. பாதி காலியான டின்னில் மேலே நிற்கும் காற்று போதும். புத்துணர்வான ஆரஞ்சு வாசனை மங்கி டர்பன்டைன் நெடி ஏறினால் பயன்படுத்தாதீர்கள். மூக்கை நம்பி மட்டும் இருக்கவும் வேண்டாம். பெராக்சைடு அளவு லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இஃப்ரா விதி, அதை அளந்து பாருங்கள். சின்னப் பாட்டிலுக்கு மாற்றி, நைட்ரஜன் நிரப்பி, குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். பிஎச்டி (BHT), டோகோஃபெரால் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களையும் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். பெராக்சைடு உருவான பிறகு சேர்த்துப் பயனில்லை.

மீத்தைல் என்-மீத்தைல்ஆந்த்ரனிலேட் என்ற நறுமணப் பொருள் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். வெயில் பட்டால் தோலைச் சுடும். நைட்ரைட் தரும் பொருளோடு சேர்ந்தால் புற்றுநோய் தரக்கூடிய நைட்ரோசமைன் உண்டாகும். ஸ்ப்ரே என்றால் துளியின் அளவைக் கேளுங்கள், 10 மைக்ரானுக்குக் கீழ் இருப்பது நுரையீரல் ஆழம் வரை போகும்.

மனிதத் தோலில் பேட்ச் சோதனை கடைசியில்தான், அதுவும் மேலே சொன்ன கணக்கு தேறிய பிறகு. கணக்கில் தவறிய ஒன்றை ஆட்களின் முதுகில் ஒட்டிப் பார்ப்பது தகாது. விற்பவர் கலவையின் எந்தப் பொருளை மாற்றினாலும், உங்கள் சதவீதம் அரைப்புள்ளி ஏறினாலும் பழைய கோப்பு செல்லாது. புதிய சான்றிதழ் வாங்கிக் கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போடுங்கள்.