ஃபைல் லாக் ஆகியிருந்தால் காப்பி போடாதீர்கள்

காபிப் பழம் பறிக்கிற சீசனில் ஏற்காட்டு எஸ்டேட் ரைட்டர் சாயந்திரம் எடைக் கணக்கை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருப்பார். பொது சர்வரில் இருக்கிற அதே ஃபைலை சேலம் ஐந்து ரோட்டு ஆடிட்டர் ஆபீசில் ஒருவர் திறப்பார். 'வேறொருவர் திறந்திருக்கிறார், படிக்க மட்டும் முடியும்' என்று வரும். உடனே 'சேவ் ஆஸ்' போட்டு 'எடை புதுசு 2' என்று ஒன்றை உருவாக்கிவிடுவார். இருக்கிற தவறுகளிலேயே மோசமானது இதுதான். ராத்திரிக்குள் இரண்டு ஃபைல், இரண்டிலும் பாதிப் பாதிக் கணக்கு, எது சரி என்று யாருக்கும் தெரியாது. லாக் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, நாம்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

லாக் என்பது நிரந்தரப் பூட்டு இல்லை, தவணை வைத்த அனுமதி. 1999இல் வந்து 2007இல் திருத்தி எழுதப்பட்ட வெப்டேவ் (சர்வரில் இருக்கும் ஃபைலை இணையம் வழியாகத் திருத்துவதற்கான பொது முறை) விதிமுறைப்படி, திருத்துவதற்காக ஒரு ஃபைலைத் திறந்தால் உங்கள் சாஃப்ட்வேர் சர்வரிடம் லாக் கேட்கும். சர்வர் ஒரு நீளமான டோக்கனும் (அனுமதிச் சீட்டு மாதிரி ஓர் அடையாளக் குறி) ஒரு கால வரம்பும் கொடுக்கும். வரம்பு முடிவதற்குள் சாஃப்ட்வேர் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், சேவ் பண்ணும்போது டோக்கனைக் காட்ட வேண்டும். டோக்கன் இல்லாமல் எழுதப் போனால் 423 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். படிப்பதை மட்டும் தடுக்காது, அதனால் கணக்கைப் பார்க்க மட்டும் வேண்டியவர் பதறத் தேவையே இல்லை.

இப்போது மலைக்கு வருவோம். ரைட்டர் ஃபைலைத் திறந்துவைத்த லேப்டாப்போடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறார், சிக்னல் போய்விடுகிறது. புதுப்பிக்க ஆளில்லாததால் லாக் காலாவதியாகிறது, சேலத்தில் இருப்பவர் லாக் வாங்கித் திருத்தி சேவ் பண்ணிவிடுகிறார். அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் ரைட்டர் 'சேவ்' பட்டனை அழுத்துகிறார். பழைய டோக்கன் செல்லாது. நல்ல சர்வராக இருந்தால் வெர்ஷன் முத்திரையையும் (ஃபைல் மாறும்போதெல்லாம் மாறும் அடையாளம்) ஒப்பிட்டு, நடுவில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள் என்று 412 சொல்லி நிறுத்திவிடும். திரையில் 'மேலெழுதட்டுமா?' என்று கேட்கும்போது அவசரத்தில் ஆமாம் கொடுத்தால் ஆடிட்டர் ஆபீஸ் செய்த வேலை அத்தனையும் காலி. அந்த இடத்தில் மட்டும் உங்கள் ஃபைலை வேறு பெயரில் வைத்துக்கொண்டு, புது வெர்ஷனைத் திறந்து, விட்டுப்போன வரிகளைக் கையால் சேருங்கள். மேலே திட்டிய காப்பிக்கு நியாயமான நேரம் இது ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால் லாக் பாட்டுக்கு சர்வரில் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஃபைல் பகிரும் தளமான ஷேர்பாயின்ட்டில் வேர்ட், எக்செல் போன்ற ஆஃபீஸ் ஃபைலுக்கு இது பொதுவாகப் பத்து நிமிடம்தான், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தானாக விலகியிருக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும், அலைக்கோடும் டாலர் குறியுமாகத் தொடங்குகிற குட்டி ஃபைலைத் தேடி அழிப்பவர்கள் இருக்கிறார்கள். யார் திறந்திருக்கிறார் என்று சொல்கிற பெயர்ப்பலகை அது. அதை எடுத்துவிட்டால் சர்வரில் இருக்கிற லாக் போய்விடாது.

ஷேர்பாயின்ட்டில் 'நான் மட்டும்தான் திருத்துவேன்' என்று ஒரு ஃபைலை நாமே எடுத்து வைத்துக்கொள்கிற 'செக் அவுட்' கதை வேறு. அதற்குத் தவணையே கிடையாது. செக் அவுட் பண்ணிவிட்டு ஆடிப் பண்டிகைக்கு லீவில் போனால், திரும்பி வந்து செக் இன் பண்ணும்வரை (அதாவது ஃபைலைத் திருப்பி ஒப்படைக்கும்வரை) மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான், இல்லையென்றால் அட்மின் ரத்து செய்ய வேண்டும். அப்படி ரத்து செய்தால் செக் இன் ஆகாத மாற்றங்களும் கூடவே போய்விடும்.

அப்புறம், ஆபீஸ் முழுக்க ஒரே லாகின் வைத்திருப்பது. செலவு மிச்சம் என்று செய்கிறார்கள். ஃபைல் லாக் ஆனால் எல்லாருக்கும் அதே பெயர்தான் காட்டும். எஸ்டேட்டுக்கா, பக்கத்து மேசைக்கா, யாருக்கு போன் போட்டு 'கொஞ்சம் மூடுங்க' என்று சொல்வது?