திடீரென்று கினிப் பன்றி வளர்க்க நேர்ந்தால்

யாரோ வளர்க்க முடியாமல் கொடுத்த இரண்டு கினிப் பன்றிகள் (பெயரில்தான் பன்றி, உண்மையில் சிறிய கொறிக்கும் பிராணி) திடீரென்று உங்கள் பொறுப்பில் வந்துவிட்டனவா? முதலில் உலர்புல்லுக்கு வழி செய்யுங்கள். பொம்மை, அலங்காரம் எல்லாம் அப்புறம். அவற்றின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். இரவும் பகலும் புல்லை மென்றால்தான் பல் தேயும், குடலும் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் புல் தீரவே கூடாது.

அடுத்தது வைட்டமின் சி. நம்மைப் போலவே அவற்றின் உடலாலும் அதை உருவாக்க முடியாது. குறைந்தால் ஸ்கர்வி என்ற குறைபாட்டு நோய் வந்து, மூட்டு வலியில் நடக்கவே தயங்கும். தினமும் கொஞ்சம் குடைமிளகாய் கொடுங்கள். வைட்டமின் சொட்டைத் தண்ணீரில் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீக்கிரம் வீரியம் போய்விடும், சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும்.

இரண்டும் ஆணா பெண்ணா என்று கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். ஆண் குட்டி 3 வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடலாம்.

முதல் சில நாள் ஒளிந்தே கிடந்தால் அது பயம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள், பாவம். ஆனால் அரை நாளாகச் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.