காட்டுக் காளானா, ஆய்வகக் காளானா? கேப்சூல் வாங்குவோர் செய்யும் தவறுகள்

காட்டிலிருந்து எடுத்தது என்றால் வீரியம் அதிகம், ஆய்வகத்தில் வளர்த்தது என்றால் டூப்ளிகேட். மருத்துவக் காளான் சப்ளிமென்ட் வாங்குகிற பலருடைய கணக்கு இதுதான். இன்னொரு கட்சி இதை அப்படியே தலைகீழாகச் சொல்லும். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. காளானுக்குக் காளான் விடை மாறும்.

சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிர்ச் மரத்தில் கரிக்கட்டி போல வளரும் பூஞ்சை அது. அதில் பெரிதாகப் பேசப்படும் பெட்டுலின், பெட்டுலினிக் அமிலம் எல்லாம் அந்த மரத்தின் பட்டையில் இருப்பவை. மரமே இல்லாமல் தானியத்தில் வளர்த்த சாகாவில் அவற்றைத் தேடிப் பயனில்லை. சரி, காட்டுச் சாகாதான் ஜெயித்தது என்று தினமும் ஸ்பூன் ஸ்பூனாகக் கரைத்துக் குடிப்பது அடுத்த தவறு. சிறுநீரகத்தில் படிகமாகத் தேங்கக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பு அதில் ஏராளம். மாதக்கணக்கில் அப்படிச் சாப்பிட்டுச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையில் கதை வேறு. திபெத் பீடபூமியிலும் இமயமலையிலும் புழுவின் உடலில் முளைக்கும் காட்டு வகையில் ஆர்சனிக் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை இருந்ததாக 2016-இல் சீன அரசே எச்சரித்தது. அங்கே ஆரோக்கிய உணவுகளுக்கான வரம்பு 1 மில்லிகிராம். போதாக்குறைக்கு, எடை கூட்டுவதற்காக உள்ளே ஈயக்கம்பி செருகி விற்பவர்களும் உண்டு. பல கேப்சூல்களில் இருப்பது வளர்ப்பில் எளிதாக வரும் மிலிட்டாரிஸ் என்ற வேறு இனம். கார்டிசெப்ஸின் முக்கியச் சத்தாகப் பேசப்படும் கார்டிசெபின் என்ற பொருள் அதில்தான் அதிகம். ஆகவே பாட்டிலில் புழுப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் லேபிள். 'ஆய்வகத்தில் வளர்த்தது' என்பது ஒரே முறை அல்ல. மரத்தூள் பையில் முழுக் காளானாக வளர்க்கலாம், தொட்டித் திரவத்தில் பூஞ்சை இழையை (காளானுக்கு வேர் போலப் படரும் பகுதி) மட்டும் வளர்க்கலாம், வேகவைத்த தானியத்தில் இழையைப் படரவிடலாம். மூன்றாவதில் தானியத்தையும் இழையையும் பிரிக்க முடியாது. சேர்த்தே காயவைத்து அரைப்பார்கள். அரிசி மாவுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அப்புறம் லேபிளில் 'பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்' என்று பெருமையாகப் போட்டிருக்கும். பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்; மாவுச்சத்தும் அதுதான்! பார்க்க வேண்டியது, காளானின் செல் சுவரில் இருக்கும் பாலிசாக்கரைடான பீட்டா குளுக்கானின் அளவை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் நன்றாகக் கலக்கி, ஆறிய பிறகு இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள். நீலக்கறுப்பாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. சாகா, ரெய்ஷி (இன்னொரு மருத்துவக் காளான்) போன்ற கரும்பொடிகளில் நிறம் தெரியாது, நிறைய நீர் விட்டு நீர்க்கச் செய்ய வேண்டும்.

இதை வைத்து இழை என்றாலே குப்பை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஜப்பானில் 1977-இல் புற்றுநோய் சிகிச்சைக்குத் துணையாக அனுமதி பெற்ற பி.எஸ்.கே. மருந்து, டர்க்கி டெயில் காளானின் வளர்ப்பு இழையிலிருந்து பிரித்தெடுத்ததுதான். லயன்ஸ் மேன் காளானில் நரம்பு வளர்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் எரினசின் என்ற பொருளும் இழையில்தான் கிடைக்கிறது.

பெயரை மட்டும் நம்புவதும் தவறு. அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி சப்ளிமென்ட்களைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், லேபிளோடு ஒத்துப்போனவை ஐந்துதான். காடோ ஆய்வகமோ, தொகுதி வாரியாக இனம், பீட்டா குளுக்கான், கன உலோகம் மூன்றுக்கும் வெளி ஆய்வகச் சான்று காட்டாத பாட்டிலை நான் வாங்க மாட்டேன்.

'வெறும் காளான்தானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. ரெய்ஷி ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், பாட்டிலையே கையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுவிடுங்கள்.