கூட வேலை செய்பவர் மேல் பொறாமையா? ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைக் கவனித்து முடித்துக்கொடுப்பவராக) சேர்ந்த புதிதில், என்னோடு சேர்ந்தவரை மட்டும் மேனேஜர், ஆர்டர் கொடுக்கும் பையரோடு நடக்கும் மீட்டிங்குக்குக் கூட்டிப்போவார். எனக்கு சாம்பிள் அனுப்பும் வேலை. ராத்திரி தூக்கம் வராது. என் புத்திதான் சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மீதியைக் கண்டுபிடிக்க நான் செய்தது இது.

படி 1: நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'அவருக்குத் தலைக்கனம்' என்று எழுதக் கூடாது. 'செவ்வாய்க்கிழமை அவரை அழைத்தார், என்னை அழைக்கவில்லை' என்று எழுதுங்கள். ஒரு வாரம் போதும்.

படி 2: யாரைப் பார்த்து வயிறு எரிகிறது? முதலாளியின் காரைப் பார்த்து எரிவதில்லை. பக்கத்து சீட்டுக்காரரின் 500 ரூபாய் இன்கிரிமென்ட் எரிக்கிறது. மனிதர்கள் தங்களை ஒத்தவர்களோடுதான் அதிகம் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார்.

படி 3: இப்போது மேனேஜரைப் பாருங்கள். அவசரப்படாதீர்கள், முக்கியமான இடம் இதுதான். மேலாளர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை, சிலரை உள்வட்டத்தில் வைக்கிறார்கள் என்று 1970-களில் ஜார்ஜ் கிரேனும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள். உள்வட்டத்தில் இருப்பவருக்குத் தகவல் முன்கூட்டியே வரும், நல்ல வேலை வரும், தப்பு செய்தாலும் பெரிதாகத் திட்டு விழாது. இந்த மூன்றும் யாருக்கு எத்தனை முறை கிடைத்தன என்று குறித்துவையுங்கள். பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். என் விஷயத்தில், என்னோடு சேர்ந்தவர் தினமும் காலையில் மேனேஜரிடம் போய் எந்த ஆர்டர் தாமதமாகும் என்று தானாகவே சொல்லிவிடுவார். நான் கேட்டால்தான் சொல்வேன். இது புரிந்ததுமே கோபம் பாதி இறங்கியது.

ஆனால் காரணம் ஒரே ஊர், ஒரே சாதி என்று வந்தால், தயவுசெய்து அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்காதீர்கள். அது அநீதி. உங்கள் மனதைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

படி 4: உங்கள் சுபாவம். எளிதில் கலங்குகிறவர்களுக்கும், தன்னைக் குறைவாக மதிப்பவர்களுக்கும் பொறாமை அடிக்கடி வருகிறது. முந்தைய வேலையிலும், கல்லூரியிலும் இதே எரிச்சல் இருந்ததா? இருந்தால் மேனேஜர் மாறினாலும் அது கூடவே வரும். இவரிடம் வந்தபிறகுதான் தொடங்கியது என்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.

படி 5: எந்த வகை? டச்சு மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவர் இடத்துக்கு நானும் போகவேண்டும் என்பது ஒன்று, அவர் விழவேண்டும் என்பது இன்னொன்று. நமக்கு இரண்டுக்கும் பொறாமைதான். அதனால் எது என்று நீங்களே எழுதிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

படி 6: மேனேஜரிடம் கேளுங்கள். கூட வேலை செய்பவரின் பெயரை இழுக்காமல், 'அடுத்த மீட்டிங்குக்கு நான் வரணும்னா என்ன கத்துக்கணும் சார்?' என்று மட்டும். நான் கேட்டபோது, "காஸ்டிங் ஷீட் போடத் தெரியுமா?" என்றார். தெரியாது. ஓர் ஆடைக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடும் தாள் அது. அப்புறம் இரண்டு மாதம் சாயங்காலங்களில் என்னோடு சேர்ந்த அதே நண்பர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.