லினக்ஸில் இண்டி கேம்: எங்கே தேடுவது, இறக்கியது ஏன் ஓடவில்லை

லினக்ஸில் விளையாட ஒன்றுமே இல்லை என்பது பழைய பேச்சு. இப்போதைய தலைவலி வேறு: கொட்டிக் கிடக்கும் இண்டி கேம்களில், அதாவது தனியாட்களோ சிறு குழுக்களோ சொந்தமாகச் செய்தவற்றில், எது தேறும், இறக்கிய பிறகு அது ஏன் ஓட மறுக்கிறது. உபுண்டு, மின்ட் போன்ற ஒரு லினக்ஸ் வகையை (டிஸ்ட்ரோ) நிறுவி, கிராஃபிக்ஸ் டிரைவரையும் சரிசெய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

தேடலை ஸ்டீம் என்ற பெரிய இணையக் கேம் கடையில் தொடங்காதீர்கள், இட்ச்.ஐஓ-வில் தொடங்குங்கள். 2013-இல் வந்த இந்தத் தளத்தில் கேமைச் செய்தவரே கோப்பை ஏற்றுகிறார். பல கேம்களுக்கு நீங்கள் விரும்பிய தொகையைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் எடுக்கலாம். பணம் கேட்கும் பெட்டி வந்தால் மிரள வேண்டாம். விலை கட்டாயம் இல்லாத கேம் என்றால், நேராகப் பதிவிறக்கத்துக்குப் போகும் இணைப்பு அதிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். மைண்டஸ்ட்ரி என்ற கேம் ஸ்டீமில் விலைக்கு விற்கிறது, இட்ச்சில் விருப்பத் தொகைக்குக் கிடைக்கிறது. வாங்குமுன் இரண்டு இடத்திலும் பார்ப்பது நல்லது.

பக்கப் பட்டியலில் பிளாட்ஃபார்ம் என்பதன் கீழ் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். வரிசையை ‘பாப்புலர்’ என்பதிலிருந்து ‘டாப் ரேட்டட்’ என்பதற்கு மாற்றுங்கள். பிறகு பஸில், பிளாட்ஃபார்மர் என ஒரே ஒரு டேக் சேருங்கள். மூன்று நான்கு டேக் போட்டால் நல்ல கேம்களும் வடிகட்டலில் போய்விடும், ஏனென்றால் டேக் போடுவது செய்தவரின் பொறுப்பு. பலர் ஒன்றிரண்டோடு நிறுத்திவிடுவார்கள்.

கேமின் பெயருக்குக் கீழே பென்குயின் படம் இருந்தால் அது லினக்ஸில் ஓடும் என்று அர்த்தமில்லை. கோப்பை ஏற்றும்போது லினக்ஸ் கட்டத்தில் யாரோ டிக் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே பக்கத்தின் அடியில் உள்ள ‘மோர் இன்ஃபர்மேஷன்’ பகுதியைத் திறந்து பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், வேலை முடிந்ததா அல்லது முன்மாதிரி நிலையிலேயே நிற்கிறதா, எந்த எஞ்சினில் (கேம் செய்ய உதவும் மென்பொருளில்) செய்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிறகு கருத்துப் பகுதியில் ‘லினக்ஸ்’ என்று தேடுங்கள். ஓடவில்லை என்று ஒருவர் எழுதி, அதற்குச் செய்தவர் பதில் போட்டிருந்தால் அது நல்ல சகுனம். பல மாதமாகப் பதிலே இல்லையென்றால் அடுத்த கேமுக்குப் போய்விடலாம்.

அடுத்தது ஓட வைப்பது. பெரும்பாலானோர் சிக்குவது இங்கேதான். ஜிப்பைப் பிரிக்கிறீர்கள், இரட்டைக் கிளிக் செய்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் சின்னது. விண்டோஸ் கணினியில் சுருக்கிய ஜிப்பில், ‘இது இயங்கக்கூடிய கோப்பு’ என்ற லினக்ஸ் அனுமதி பெரும்பாலும் வந்து சேராது. டார் என்ற, லினக்ஸ் அனுமதிகளையும் சேர்த்துக் கட்டும் கோப்பாகக் கொடுத்தவர்களிடம் இந்தத் தொல்லை குறைவு. கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், அதில் ‘எக்ஸிக்யூட்டபிள் அஸ் புரோகிராம்’ என்பதை இயக்குங்கள். யூனிட்டி எஞ்சினில் செய்ததென்றால் பெயர் ‘எக்ஸ்86_64’ என்று முடியும் கோப்புக்குத்தான் இந்த அனுமதி வேண்டும். பக்கத்தில் இருக்கும் டேட்டா ஃபோல்டரைத் தொடாதீர்கள். கோடோ எஞ்சினில் செய்ததென்றால் அதே பெயரில் பிசிகே கோப்பு ஒன்று கூடவே வரலாம். ஒன்றை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ கேம் திறக்காது.

அனுமதி கொடுத்தும் அசையவில்லையா? மறுபடி மறுபடி கிளிக் செய்து பயனில்லை. அந்த ஃபோல்டரிலேயே டெர்மினலைத் திறந்து ‘./’ என்று அடித்து, கோப்புப் பெயரின் முதல் சில எழுத்துகளைப் போட்டு டேப் விசையைத் தட்டி என்டர் கொடுங்கள். அங்கே வரும் வரிதான் மருந்துச்சீட்டு. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் அனுமதி இன்னும் ஒட்டவில்லை. கோப்பு கண் முன்னே இருக்கும்போதே ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 32 பிட் கேம், உங்கள் கணினியில் 32 பிட் லைப்ரரிகள் (கேம் ஓடத் தேவையான துணை நிரல்கள்) இல்லை. இல்லை என்று அது சொல்வது கேமை அல்ல, கேமை ஏற்றிவிட வேண்டிய லோடரை. ‘ஜிலிப்சி’ (லினக்ஸின் அடிப்படை லைப்ரரி) என்ற பெயரோடு ஒரு பதிப்பு எண் இல்லை என்று வந்தால், உங்களுடையதைவிடப் புதிய லினக்ஸில் அதைத் தொகுத்திருக்கிறார்கள். அந்த லைப்ரரியை மட்டும் தனியாகப் பிடுங்கி வைக்கப் போனால் கணினியே படுத்துவிடும். கேமின் விண்டோஸ் பதிப்பை இறக்கி, அதை ஸ்டீமில் ‘நான்-ஸ்டீம் கேம்’ ஆகச் சேர்த்து, கம்பேட்டிபிலிட்டி பகுதியில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்து ஓட்டுவதே சுலபம்.

புரோட்டான் பற்றி: வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த இந்த அடுக்குதான் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுகிறது. வாங்குமுன், பயனர்கள் ஓட்டிப் பார்த்து எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தட்டுங்கள். பிளாட்டினம், கோல்டு என்றால் துணிந்து வாங்கலாம். வெறும் பதக்கத்தைப் பார்க்காமல், உங்களுடையதைப் போன்ற கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் அண்மையில் எழுதியதைப் படியுங்கள். லினக்ஸ் பதிப்பு இருந்தும் அதைப் பல ஆண்டுகளாகத் தொடாமல் விட்டிருந்தால், அதைவிடப் புரோட்டானில் விண்டோஸ் பதிப்பே ஒழுங்காக ஓடும் என்பது என் கட்சி. ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எப்படியும் ஓடவில்லையென்றால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்கலாம். ஸ்டீமை அதன் தளத்திலிருந்து டெப் கோப்பாகவே (உபுண்டு, மின்டுக்கான நிறுவல் கோப்பு) நிறுவுங்கள். உபுண்டுவின் ஆப் கடையில் வரும் ஸ்னாப் பதிப்பு வேண்டாம்.

திறமூல கேம்களுக்கு ஃபிளாட்ஹப் என்ற லினக்ஸ் செயலிக் களஞ்சியம் போதும். 2003-இலிருந்து வளர்ந்துவரும் வெஸ்நோத், சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி. எல்லாம் அங்கே இருக்கின்றன. டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்தில் இவை பழைய பதிப்பாக இருக்கலாம். 0 ஏ.டி.யை இணையத்தில் சேர்ந்து ஆட எல்லோரிடமும் ஒரே பதிப்பு வேண்டும்.

எதில் கை வைப்பது என்று தெரியாதவர்களுக்கு: மூளைக்கு வேலை வேண்டுமானால் பாபா இஸ் யூ. விதிகளையே சொற்கட்டைகளாகத் தள்ளி மாற்றும் புதிர் அது; சுவரைத் தடையாக்கும் சொல்லை நகர்த்தினால் சுவருக்குள்ளேயே நடக்கலாம். ஒரு சாயங்காலத்தில் முடிக்க எ ஷார்ட் ஹைக். விரல் வலிக்க ஆட செலஸ்ட்.

பின்னர் சேர்த்தவை இரண்டு.

அனுமதியை இயக்கினாலும் அது தானாக அணைந்துவிடுகிறது என்றால், கேம் எந்த டிரைவில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் பகுதியிலும் பென் டிரைவிலும் லினக்ஸ் அனுமதிகள் பொதுவாக ஒட்டாது. ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்திய பிறகு கொடுங்கள். ஸ்டீம் லைப்ரரியை என்டிஎஃப்எஸ்ஸில் வைத்தால் புரோட்டானும் தகராறு செய்யும்: அது ‘சி:’ என்று முக்காற்புள்ளியோடு ஒரு இணைப்பை உருவாக்கும், விண்டோஸ் அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் ஏற்காது.

ஆப்இமேஜ் கோப்பு (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) உபுண்டு 22.04-இலும் அதற்குப் பிறகும் திறக்கவில்லையென்றால் லிப்ஃபியூஸ்2 என்ற தொகுப்பு வேண்டும்; 24.04-இல் அதன் பெயர் லிப்ஃபியூஸ்2டி64. அவசரத்தில் வெறும் ‘ஃபியூஸ்’ என்ற தொகுப்பை நிறுவிவிடாதீர்கள். 22.04-இல் அது ஃபியூஸ்3-ஐ நீக்கி, டெஸ்க்டாப்புக்குத் தேவையான வேறு சிலவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். என்டர் தட்டுமுன், எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று டெர்மினல் காட்டும் பட்டியலை ஒரு முறை படியுங்கள்.