ஊருக்கு ஒரு வரலாற்றுப் பலகை எழுதுவது எப்படி

இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய நினைவுக்கல்லில் இருந்தது ஒரே ஒரு ஆங்கில வசனம்: இந்தச் சுற்றாடலில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31. பண்டாரவன்னியன் ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன். தங்கள் ஊரில் வரலாற்றுப் பலகை வைக்க விரும்புகிறவர்கள் முதலில் இந்த வசனத்தைச் சொல் சொல்லாகப் படித்துப் பழக வேண்டும். ‘இந்தச் சுற்றாடலில்’ என்று இருப்பதால், சண்டை நடந்தது கல் நாட்டிய அதே நிலத்தில்தான் என்று கொள்ள முடியாது. ‘தோற்கடித்தார்’ என்று இருக்கிறதே தவிர, கொன்றார் என்று இல்லை. ஆனால் பண்டாரவன்னியன் அங்கேயே வீழ்ந்தார் என்று மேடைகளில் பலரும் பேசிவிடுகிறோம். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவர் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. வென்றவர்கள் எழுதிய கல் என்பதை மனதில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கல்வெஸ்டன் என்ற தீவு நகரம் இந்த வேலைக்கு நல்ல முன்மாதிரி. 1900 செப்டெம்பர் 8 அன்று வீசிய புயலிலும் கடற்பெருக்கிலும் அங்கே 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் புயலுக்குத் தாக்குப்பிடித்த வீடுகளின் முகப்பில் இன்று சிறிய தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. தெருவில் நடந்து போகிறவர், எது எஞ்சிய வீடு என்பதைத் தன் கண்ணாலேயே அறிந்துகொள்கிறார். அடிமைகள் விடுதலை பெற்றார்கள் என்ற கட்டளை 1865 யூன் 19 அன்று அறிவிக்கப்பட்ட நகரமும் அதுவே. ஆனாலும் அதைச் சொல்லும் மாநிலப் பலகை அங்கே நாட்டப்பட்டது 2014 இல்தான். டெக்சாஸில் பலகை கேட்பவர்கள் ஆதாரங்களுடன் ஒரு வரலாற்றுக் கட்டுரையை முதலில் உள்ளூர் வரலாற்றுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பொதுவாக விடயம் 50 ஆண்டுகளாவது பழையதாக இருக்க வேண்டும். ஆதாரத்தை முதலில் கேட்கும் அந்த ஒழுங்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பலகை பின்னர் வரட்டும். சாட்சியங்களைச் சேர்ப்பதை மட்டும் ஒருநாளும் பிற்போடக் கூடாது.

வன்னியில் கடினமான பகுதி இதுதான், ஏனெனில் இடம்பெயர்வுகளில் எங்கள் வீடுகளின் காகிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய காணி அனுமதிப்பத்திரம், பாடசாலையின் சம்பவத்திரட்டு (நிகழ்வுப் பதிவேடு), கோயில் திருவிழா நோட்டீசு, குளத்தின் துருசில் (மதகில்) பொறித்த ஆண்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, யாரிடம், எந்தத் திகதியில் பார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள். ஆங்கிலேயர் காலத்துச் செய்திகளுக்கு 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னிக் கைநூல் உதவும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பழைய பிரசுரங்களையும் தேடலாம்.

மூத்தவர்களிடம் ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. “ஆச்சி, நீங்கள் கலியாணம் முடிச்சது 64 புயலுக்கு முன்னமோ பின்னமோ?” என்று கேட்டால், உடனே முற்றத்தில் சாய்ந்து கிடந்த மரமும் கூரை பறந்த இரவும் வந்துவிடும். அந்தப் புயல் 1964 டிசெம்பர் இறுதியில் அடித்தது என்பதால், அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிக் காலத்தை ஓரளவு கட்டலாம். சுனாமிக்கு முன், பின் என்றும் இப்படியே கேட்கலாம். ஒருவர் சொன்னதை அவருக்குத் தெரியாத இன்னொருவரிடமும் விசாரித்துப் பாருங்கள். இருவர் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

பலகை வாசகம் எண்பது சொற்களைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரு பலகைக்கு ஒரு விடயம் போதும்: குளம் என்றால் அந்தக் குளத்தைக் கட்டியவர்கள், மிகைநீர் வழிந்தோடும் வான் பாயும் திசை, திருத்திய ஆண்டு, அதை நம்பி விதைத்த ஊர்கள். புகழ் அடைமொழிகளை வெட்டிவிட்டு, உழைத்தவர்களின் பெயர்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். செவிவழிச் செய்தியை ‘ஊரார் கூறுவர்’ என்று பிரித்தே எழுத வேண்டும்.

இடத்துக்குப் பிரதேச சபையிடமும், வீதியோரம் என்றால் வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்திடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பழைய செங்கல்லோ தூணோ கண்ணில் பட்டால் கிண்டிப் பார்க்க வேண்டாம்; 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் தேவை.

கல்லில் வெட்டக் கொடுப்பதற்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சனம் நிற்கும்போது வாசகத்தை உரக்க வாசியுங்கள். “அது என்ரை அப்புவின்ரை பேர், அப்படி எழுதுறேல்லை” என்று யாராவது எழுந்து சொன்னால், அந்த இடத்திலேயே பேனையால் திருத்தி, அவரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பின்னரே தாளை மடியுங்கள்.